ஒரு வருடம் கழித்து வருகிறேன்: தோழி, ஞாயிறு வரைகுழு, பங்குனி ஆமை, ரிஷிகுல்யா

மைத்தூரிகை | தொடக்கப் பதிவு

இந்தப் பக்கம் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் இரண்டு மூன்று பேர் தனிமடலில் விசாரித்திருந்தீர்கள். பதில் போடாமல் விட்டதற்கு மன்னியுங்கள். வேலை குறைந்திருந்த காலம் அது. என்ன எழுதினாலும் புலம்பலாகிவிடும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது சொல்வதற்குச் சேதி நிறைய இருக்கிறது.

முதலில் என் தோழி. பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும், நாங்கள் இருவரும் சேர்ந்து குழந்தைகளுக்கு ஒரு படப்புத்தகம் செய்தோம். கதை அவளுடையது, படம் என்னுடையது. புத்தகம் வந்தபோது அட்டையில் என் பெயர் மட்டும் இருந்தது. அவள் பெயர் உள்ளே, பதிப்பு விவரப் பக்கத்தில், பொடி எழுத்தில். பதிப்பகத்தின் தவறு என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். இங்கேயும் அப்படித்தான் எழுதினேன். அதில் ஒரு பாதியை நான் சொல்லவில்லை. அட்டையின் மெய்ப்பு அச்சுக்குப் போகும் முன்பே எனக்கு வந்தது. அவள் பெயர் இல்லாததைப் பார்த்தேன். நிறம் பற்றி மூன்று திருத்தங்கள் எழுதி அனுப்பினேன். இதை மட்டும், அவர்களே கவனித்துப் போட்டுவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன். பிறகு அவள் கேட்டபோது எனக்குத் தெரியாது என்றேன். நான்கு வருடம் பேச்சு இல்லை.

போன வருடம் ஒரு கடிதம் எழுதினேன். மன்னித்துவிடு என்று எழுதுவது சுலபமாக இருந்தது. "மெய்ப்பை நான் பார்த்தேன்" என்ற வரியை எழுத இரண்டு நாள் பிடித்தது. அனுப்பி ஐந்து வாரம் வரை பதில் இல்லை. பிறகு ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே எங்கள் புத்தகம், அவளுடைய பிரதி. அட்டையில் என் பெயருக்கு மேலே, கதை என்று போட்டு, அவள் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தாள். துண்டுச்சீட்டில் ஒரே வரி: "ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறாய்?"

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வரைகுழுவுக்குப் போகிறேன். அது இரண்டாவது சேதி. ஆறு பேர் சேர்ந்து ஆரம்பித்தோம். ரயில் நிலையம், நூலகம், மரத்தடி என்று எங்காவது உட்கார்ந்து வரைவோம். முதல் முக்கால் மணி நேரம் பேச்சு கிடையாது, போன் பைக்குள். அப்புறம் எல்லா நோட்டுகளையும் தரையில் விரித்து வைப்போம். என் தோழி வரைவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். நான்கு வருடத்துக்குப் பிறகு சந்திக்கிற இருவருக்கு, முதல் முக்கால் மணி நேரம் பேசவே கூடாது என்று ஒரு விதி இருந்தது எவ்வளவு பெரிய உதவி என்று அன்றுதான் தெரிந்தது.

மூன்றாவது, ஆமைகள். கடற்கரையில் கடலாமை முட்டைகளைக் காக்கும் தன்னார்வலர்கள் சிலர் ஒரு சுவரொட்டி கேட்டார்கள். இணையத்தில் கிடைத்த புகைப்படங்களை வைத்து வரைந்து கொடுத்தேன். அழகாகத்தான் வந்தது. அவர்களில் ஒருவர், இரவு ரோந்து போகிறவர், பார்த்த உடனே, "இது பங்குனி ஆமை இல்லீங்க, பெருந்தலை ஆமை" என்றார். ஓட்டின் நடுவரிசைக்கு இரண்டு பக்கமும் தகடுகள் ஓடும் இல்லையா, அதை எண்ணச் சொன்னார். பக்கத்துக்கு 5 போட்டிருந்தேன். பெருந்தலை ஆமைக்குத்தான் 5. பேராமைக்கும் அழுங்காமைக்கும் 4. பங்குனி ஆமைக்கு 6, அதற்கு மேலும் இருக்கும். ஏழுவரி ஆமைக்குத் தகடே கிடையாது, பெயரில் இருக்கிற மாதிரி முதுகில் ஏழு வரிகள்தான். இத்தனையும் அவர் மனப்பாடமாகச் சொன்னார். நான் பதினெட்டு வருடமாக வரைகிறேன். ஓர் ஆமையை நேரில் பார்த்ததில்லை.

அதனால்தான் பயணம். ஒடிசாவில் கஞ்சாம் மாவட்டத்தில் ரிஷிகுல்யா ஆற்று முகத்துவாரம். பங்குனி ஆமைகள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் கரையேறி முட்டையிடும் இடங்கள் உலகத்திலேயே சிலதான். அதில் இது ஒன்று. அறிவியலாளர்கள் இதைப் பதிவு செய்ததே 1994-இல்தான். தோழியும் வந்தாள். பிரம்மபூர் வரை ரயில், அங்கிருந்து சாலை. ஐந்து இரவு காத்திருந்தோம். கூட்டமாக ஏறும் நாள் எங்களுக்கு வாய்க்கவில்லை. அது காற்றையும் கடலையும் பொறுத்தது. சில வருடம் நடக்காமலே போவதும் உண்டு. ஒவ்வோர் இரவும் ஒன்றிரண்டு தனி ஆமைகள் வந்தன. எனக்கு அது போதுமாக இருந்தது.

வனத்துறைக் காவலரும் உள்ளூர்த் தன்னார்வலர்களும் கூடவே இருந்தார்கள். வெள்ளை வெளிச்சம் கூடாது, புகைப்பட பிளாஷ் கூடவே கூடாது. ஆமை முட்டையிடத் தொடங்கிய பிறகு, பின்பக்கமாக, மங்கலான சிவப்பு விளக்கில் மட்டும் பார்க்கலாம். நான் செங்காவிப் பென்சில் எடுத்துப் போயிருந்தேன். பாதி வரைந்தபின் பார்த்தால் தாளில் ஒன்றுமே இல்லை. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புக் கோடு வெள்ளைத் தாளோடு கரைந்துவிடுகிறது. கை போன இடம் மட்டும் தெரிந்தது. தோழி தன் நீல மைப் பேனாவைக் கொடுத்தாள். அந்த வெளிச்சத்தில் நீலம் கன்னங்கரேலென்று விழுந்தது.

பின்துடுப்புகளை உள்ளங்கை மாதிரி குவித்து, ஒரு பக்கம் ஒரு அள்ளு, மறுபக்கம் ஒரு அள்ளு என்று மாற்றி மாற்றி மண்ணை எடுக்கிறது. ஒன்றரை அடி ஆழம் இருக்கும், குடுவை மாதிரி வாய் குறுகி அடி அகன்ற குழி. முட்டைகள் இரண்டும் மூன்றுமாக விழுகின்றன. நூறை ஒட்டி இருக்கும் என்றார்கள். முடித்தபின் மண்ணை மூடி, உடம்பை இடமும் வலமும் சாய்த்து அடிவயிற்று ஓட்டாலேயே தட்டித் தட்டிக் கெட்டிக்கிறது. அந்தச் சத்தம் உட்கார்ந்திருந்த எங்கள் காலுக்கு வந்தது. காதில் கேட்கும் முன்பே மண்ணில் கேட்டது.

இப்போது புதுச் சுவரொட்டி வரைந்துகொண்டிருக்கிறேன். வாசகம் அவளுடையது. இரண்டு பெயரும் கீழே ஒரே அளவில்.

கூழாங்கல் எழுதியது:

வாங்க அக்கா. மெய்ப்பு விஷயத்தை இப்படி வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. அன்று இந்த மன்றத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்தப் பதிப்பகத்தைத் திட்டினோம், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நேரில் பார்க்காமல் வரைந்ததைப் பற்றிச் சொன்னீர்கள். சியாட்டிலில் பத்திரிகை ஓவியராக இருந்த கேப்ரியல் காம்பனாரியோ 2007-இல் அர்பன் ஸ்கெட்ச்சர்ஸ் என்ற வரைகுழுவைத் தொடங்கியபோது, அவர்கள் வைத்துக்கொண்ட முதல் கொள்கையே இடத்தில் இருந்து, கண்ணால் பார்த்து வரைவது. அதைப் படித்துவிட்டு நாங்களும் இங்கே ஒரு குழு வைத்தோம். முப்பது பேர் வரை வந்தார்கள். ஒரே வருடத்தில் கலைந்துவிட்டது. நன்றாக வரைகிற நாலு பேர் நோட்டைச் சுற்றித்தான் கூட்டம். மற்றவர்கள் தங்கள் நோட்டை மூடிக்கொண்டு சீக்கிரம் கிளம்பினார்கள். ஒருவர் கடைசியாக வந்த நாளில் நோட்டைத் திறக்கவே இல்லை. உங்கள் குழு எப்படி நிற்கிறது?

நீலச்சுவடி எழுதியது:

தோழி திரும்பி வந்ததில் உண்மையாகவே மகிழ்ச்சி. இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, நண்பர்களோடு சேர்ந்து வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இதைப் படியுங்கள். பெயர் எங்கே வரும், எந்த அளவில் வரும், மெய்ப்பை யார் யார் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், இந்த மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் போடுங்கள். நம்மவர்கள் பணத்தைப் பற்றிக் கூட எழுதிவிடுவோம், பெயரைப் பற்றி எழுத மாட்டோம். இருவருக்கும் மெய்ப்பு போயிருந்தால் அந்த நான்கு வருடம் போயிருக்காது.

இரண்டு, எனக்கு ஒரு ஆட்சேபம். சுவரொட்டிக்குப் பணம் வாங்கினீர்களா? வேலை இல்லாத வருடத்தில் இலவசமாக வரைந்தீர்கள் என்றால் அது எனக்கு உறுத்துகிறது. நல்ல காரியம் என்று சொல்லி வருகிறவர்கள் அச்சகத்துக்குக் கொடுக்கிறார்கள், மேடைக்குக் கொடுக்கிறார்கள், ஒலிபெருக்கிக்குக் கொடுக்கிறார்கள். ஓவியரிடம் மட்டும் "உங்களுக்கும் பெயர் கிடைக்கும்" என்கிறார்கள். நீங்கள் ஒருவர் சும்மா கொடுத்தால் அடுத்து வருகிற இளையவர் கேட்கவே முடியாமல் போகும்.

மைத்தூரிகை எழுதியது:

கூழாங்கல், எங்களுக்கும் அதே வியாதி வந்தது. இருபத்தைந்து பேர் ஆனபோது ஞாயிற்றுக்கிழமை என்றாலே ஒரு பதற்றம். ஒரு நாள் உட்கார்ந்து பேசி மூன்றாகப் பிரிந்தோம். ஒரு வட்டத்தில் எட்டுப் பேருக்கு மேல் கிடையாது. மாதம் ஒரு முறை எல்லோரும் சேருவோம். நோட்டுகளை விரித்தபின் "சூப்பர்", "அருமை" சொல்லக்கூடாது என்று வைத்தோம். அதற்குப் பதில், அந்தப் படத்தில் இருக்கிற, தான் நேரில் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். "அந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் உடைந்திருப்பதை நான் பார்க்கவே இல்லை" என்பது மாதிரி. இதில் கோடு நடுங்குகிறவர், நேராக வருகிறவர் என்ற வித்தியாசம் இல்லாமல் போனது. எங்கள் வட்டத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு இடது கையால் வரையக் கற்றுக்கொண்டார். ஒரு படத்துக்கு அவர் இருபது கோடுதான் போடுவார். எதை விடுவது என்று தெரிந்து போடும் இருபது கோடு. அவர் நோட்டு விரியும்போது எல்லோரும் நெருங்கி உட்காருவோம்.

இன்னொன்று, அடுத்த வாரம் எந்த இடம் என்று முடிவு செய்வது ஒவ்வொரு வாரமும் ஒருவர். நான் வராமல் போன ஒன்பது வாரமும் குழு நடந்தது. அந்த ஒன்பது வாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷம்.

நீலச்சுவடி, உங்கள் கோபம் நியாயமானது. நான் வைத்திருக்கும் வழி இது. வருடத்துக்கு ஒரு வேலை மட்டும் காசில்லாமல் செய்வேன், எது என்று நானே தேர்ந்தெடுப்பேன். அதற்கும் முழுத் தொகைக்குப் பில் போடுவேன். அதன் கீழே "ஓவியரின் நன்கொடை" என்று அதே தொகையைக் கழித்துக் காட்டுவேன். கீழே பூஜ்யம் வரும். ஆனால் இந்த வேலையின் விலை என்ன என்பது காகிதத்தில் இருக்கும். அடுத்த ஓவியரிடம் போகும்போது அவர்களுக்கு அந்த எண் தெரியும். ஆமைக் குழுவினர் அந்தப் பில்லைத் தங்கள் ஆண்டுக் கணக்கில் சேர்த்தார்கள். இரண்டாவது சுவரொட்டிக்கு அவர்களாகவே ஒரு தொகை ஒதுக்கிவிட்டுத்தான் கேட்டார்கள்.

கரைவலை எழுதியது:

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை, வாசிக்க மட்டும் வருவேன். உங்கள் பழைய சுவரொட்டியை நான் பார்த்திருக்கிறேன். வலையில் சிக்கிய ஆமை, பின்னால் இருட்டில் ஒரு படகு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல் தொழில். அந்தப் படத்தைப் பார்த்தபோது என் அப்பா ஒரு கேள்விதான் கேட்டார்: "இதை வரைந்த பிள்ளை எந்தப் படகைப் பார்த்து வரைந்தது?"

ஏனென்றால் நீங்கள் வரைந்தது சின்ன ஃபைபர் படகு. வலை, விசைப்படகின் இழுவைமடி. எங்கள் படகில் அந்த மடியை இழுக்கவே முடியாது. தகடு எண்ணிக்கை தப்பானதை ஒருவர் சொன்னதும் ஒடிசா வரை போனீர்கள். படகு தப்பானதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை.

பாதிராத்திரி எழுதியது:

கரைவலை, படகு தப்பு என்பதை ஏற்கிறேன். ஆனால் வலையில் ஆமை சாகவில்லை என்று ஆகிவிடாதே. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. நான் அந்த வாரம் கரையில் நடந்தேன். கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கி. ஆமை நுரையீரலால் மூச்சு விடுகிற உயிர். மடிக்குள் மாட்டி மேலே வர முடியாமல் போனால் மூழ்கித்தான் சாகும். நடுக்கடலில் நடப்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதைப் படமாக வரையாவிட்டால் எப்படித் தெரியும்? யாரும் மனம் புண்படக்கூடாது என்று பார்த்தால் சுவரொட்டியில் மிஞ்சுவது "ஆமையைக் காப்போம்" என்ற வாசகம் மட்டும்தான்.

கரைவலை எழுதியது:

சாகவில்லை என்று நான் சொல்லவில்லை. சாகிறது. எங்கள் வலையிலும் எப்போதாவது ஏறும். உயிரோடு இருந்தால் அறுத்து விடுவோம். வலை போனால் போகட்டும் என்று விட்டவர்களை எனக்குத் தெரியும். இழுவைமடியில் அப்படி முடியாது, மணிக்கணக்கில் தண்ணீருக்கு அடியில் இழுபடுகிறது, என்ன ஏறியது என்று மேலே தூக்கும் வரை தெரியாது.

அதற்கு வழி இருக்கிறது, அதையும் சொல்கிறேன். மடியின் கழுத்தில் கம்பிச்சட்டம் வைத்த ஆமை விலக்குக் கருவி. இறால் கம்பிக்கு நடுவே உள்ளே போகும், ஆமை கம்பியில் மோதி மேலே இருக்கிற திறப்பு வழியாக வெளியே போகும். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம்முடைய மடிகளுக்கென்றே ஒன்றை வடிவமைத்திருக்கிறது. பொருத்தத் தயங்குகிறார்கள், பெரிய மீனும் அந்த வழியே போய்விடும் என்று. அந்தப் பயத்தைப் பற்றி யாராவது போய் உட்கார்ந்து பேச வேண்டும். அந்தச் சட்டத்தை யாராவது வரைந்திருக்கிறார்களா? நான் எந்தச் சுவரொட்டியிலும் பார்த்ததில்லை.

மைத்தூரிகை எழுதியது:

கரைவலை, இரண்டு நாளாக உங்கள் பதிவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் அப்பாவின் கேள்விக்குப் பதில்: எந்தப் படகையும் பார்த்து வரையவில்லை. வேறு யாரோ வரைந்த ஒரு படத்தில் இருந்த படகு அது. அவரிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள்.

ரிஷிகுல்யாவில் நடந்ததை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் பதிவில் ஆமையைப் பற்றியே எழுதிக்கொண்டு போய்விட்டேன்.

எங்களைக் கரைக்குக் கூட்டிப்போனவர் புருணபந்தா ஊர்க்காரர். மீனவர். தாம்ரா, தேவி, ரிஷிகுல்யா, இந்த மூன்று முகத்துவாரங்களை ஒட்டி 20 கிலோமீட்டருக்குள் நவம்பர் 1 முதல் மே 31 வரை மீன்பிடிக்கத் தடை. ஏழு மாதம். அவர் படகு மணலில் கவிழ்த்து வைத்திருந்தது, அடியில் நாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. படகை இறக்க முடியாத அந்த மாதங்களில்தான் அவர் இரவெல்லாம் ஆமைக்குக் காவல் இருக்கிறார். கஷ்டமாக இல்லையா என்று தோழி கேட்டாள். மொழி பெயர்த்துச் சொன்ன பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இரண்டும் எங்கள் ஊருக்குத்தான் வருகின்றன, கடலும் ஆமையும், நாங்கள் எங்கே போவது என்று கேட்கிறார்" என்றான்.

குஞ்சு பொரிக்கும் காலத்தில் அவர்கள் செய்வதைக் கேட்டபோதுதான் எனக்கு வலை என்றால் என்ன என்றே மாறிப்போனது. முட்டையிட்டு ஒன்றரை மாதம், ஐம்பது நாளில் குஞ்சுகள் இரவில் வெளியே வரும். விரல் நீளம்தான் இருக்கும். வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் ஓடும். ஆதியில் அது எப்போதும் கடலின் பக்கம்தான். இப்போது ஊரின் விளக்குகளும் சாலை விளக்குகளும் கடலைவிடப் பிரகாசமாக இருக்கின்றன. குஞ்சுகள் திரும்பி நிலத்துக்குள் ஓடுகின்றன. விடிந்தபின் காகம், நாய், வெயில். அதனால் ஊர்க்காரர்கள் பழைய மீன்வலைகளை எடுத்து, கரை நெடுக, நிலத்தின் பக்கமாக வேலி மாதிரிக் கட்டுகிறார்கள். தப்பான திசையில் ஓடிவரும் குஞ்சுகள் அதில் தட்டி நிற்கும். கூடையில் பொறுக்கிக் கொண்டுபோய் அலையோரம் விடுகிறார்கள். குழந்தைகளும் வந்துவிடுவார்களாம், யார் கூடையில் அதிகம் என்று எண்ணுவார்களாம்.

நான் வலையை ஆமையின் எதிரியாக வரைந்து அனுப்பிய அதே காலத்தில் அங்கே ஒருவர் வலையால் ஆமைக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தார்.

அதனால் புதுப் படத்தை நேற்றுக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். இப்போது நினைத்திருப்பது இரண்டு சுவரொட்டிகள். ஒன்று கடற்கரையில் வீடும் விடுதியும் வைத்திருப்பவர்களுக்கு: முன்னால் வலைவேலி, அதில் தொற்றிக்கொண்டு நிற்கும் குஞ்சுகள், பின்னால் விளக்குகளின் வரிசை. பருவத்தில் கடலைப் பார்த்த விளக்கை அணையுங்கள், முடியாவிட்டால் திரை போடுங்கள் என்பதுதான் சேதி. இன்னொன்று துறைமுகத்தில் ஒட்டுவதற்கு, நீங்கள் சொன்ன கம்பிச்சட்டம், அது வேலை செய்யும் விதம். பாதிராத்திரி, உங்கள் வாதமும் எனக்கு வேண்டும். நடுக்கடலில் நடப்பதை வரையத்தான் போகிறேன், சரியான படகோடும் சரியான மடியோடும்.

கரைவலை, இது உரிமையோடு கேட்பது: துறைமுகத்துக்கு நான் வரலாமா? சட்டம் பொருத்திய மடி ஒன்றை நேரில் பார்க்க வேண்டும். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வரைவேன். உங்கள் அப்பா பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

கரைவலை எழுதியது:

வாருங்கள். அப்பா உங்களிடம் கேட்கச் சொன்னது ஒன்றே ஒன்று, காலை நாலு மணிக்கு வர முடியுமா என்று. அந்த நேரத்தில்தான் மடியைப் பிரித்துப் போட்டிருப்பார்கள், பார்க்க வசதி. விசைப்படகு ஆட்கள் முதலில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். நோட்டை முதல் ஒரு மணி நேரம் வெளியே எடுக்காமல் இருந்தால் நல்லது.

நீலச்சுவடி எழுதியது:

பில் யோசனையை நான் எடுத்துக்கொள்கிறேன், நேற்றே ஒன்றுக்குப் போட்டேன்.

புதுச் சுவரொட்டிகளை எந்த உரிமத்தில் வெளியிடப் போகிறீர்கள்? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு குளத்தைக் காக்க வரைந்த படத்தைக் கிரியேட்டிவ் காமன்ஸில், பெயர் போட்டால் போதும் என்ற உரிமத்தில் விட்டேன். அதே குளத்தின் கரையில் மனை விற்கிறவர்கள் விளம்பரத்தில் அதைப் போட்டார்கள். கீழே என் பெயரும் இருந்தது. உரிமப்படி அவர்கள் செய்தது சரி. ஒரு முறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது.

மைத்தூரிகை எழுதியது:

படிக்கவே வலிக்கிறது. நாங்கள் முதலில் வணிகத்துக்குக் கூடாது, மாற்றவும் கூடாது என்ற உரிமத்தைத்தான் நினைத்தோம். தோழிதான் தடுத்தாள். மாற்றக் கூடாது என்றால் மொழிபெயர்க்கவும் கூடாது. புருணபந்தாவில் ஒட்டினால் ஒடியாவில் அல்லவா இருக்க வேண்டும், ஆந்திரக் கரைக்குத் தெலுங்கில் வேண்டும். அதனால் பெயர் போட வேண்டும், வணிகத்துக்குக் கூடாது, மாற்றினால் இதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற மூன்று நிபந்தனை. படமும் எழுத்தும் தனித்தனி அடுக்காக உள்ள கோப்பையே கொடுக்கப் போகிறோம், எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு அவரவர் மொழியைப் போட்டுக்கொள்ளலாம்.

சுவரொட்டியின் முதல் வரைவை இந்த இழையில் இணைத்திருக்கிறேன். தகடு இந்த முறை ஆறு, இரு பக்கமும். எண்ணிப் பாருங்கள்.

கூழாங்கல் எழுதியது:

எண்ணினேன், ஆறும் ஆறும். வலைவேலியில் முன்துடுப்பை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குஞ்சு என்னை என்னவோ செய்துவிட்டது.

போன ஞாயிறு பழைய குழுவில் ஏழு பேருக்குப் போன் செய்தேன். நாலு பேர் வந்தார்கள். நோட்டைத் திறக்காமல் போனவரும் வந்தார். அவர் படத்தில் படிக்கட்டின் அடியில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. நான் அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தும் பார்க்கவில்லை. அதைச் சொன்னேன். அவர் நோட்டை மூடாமல் அடுத்த பக்கத்தையும் திருப்பிக் காட்டினார்.

விளக்கு பிடித்தவள் எழுதியது (முதல் பதிவு):

இந்த இழையை அவள் எனக்கு அனுப்பவில்லை. நானாகத் தேடி வந்தேன், பென்சில் எழுத்தைப் பற்றி எழுதியிருப்பதையும் படித்தேன். அதைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை, நேரில் பேசிக்கொள்வோம்.

படத்தைப் பற்றி ஒரு திருத்தம். நாம் பார்த்த மூன்றாவது இரவு ஆமைக்கு இரு பக்கமும் ஆறு இல்லை. நீ குனிந்து குழியை வரைந்துகொண்டிருந்தாய், விளக்கு என் கையில் இருந்தது. நான் இரண்டு தடவை எண்ணினேன். வலது பக்கம் ஆறு, இடது பக்கம் ஏழு. காவலரிடம் கேட்டேன், இந்த ஆமைகளுக்கு இரு பக்கமும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும் என்பதில்லை, வேறுபடுவது சகஜம் என்றார். என் நோட்டில் அன்றே எழுதி வைத்திருக்கிறேன். இடது பக்கத்தில் கடைசி இரண்டு தகடுகள் மற்றவற்றைவிடச் சின்னது, வால் பக்கம் ஒன்றோடொன்று ஒட்டி இருந்தன.

நாலு மணிக்குத் துறைமுகம் என்றால் மூன்று மணிக்கு வந்து உன்னை எழுப்புகிறேன்.

மைத்தூரிகை எழுதியது:

இடது பக்கம் ஏழாக்கிவிட்டேன். கடைசி இரண்டையும் சின்னதாக்கி ஒட்டி வரைந்திருக்கிறேன், மேலே புதுக் கோப்பு இருக்கிறது. பார்த்துவிட்டுச் சொல்.